ஆளுக்கு ஓர் அட்டை

சென்ற அத்தியாயத்தை ஜக்கார்டின் தறியோடு நிறுத்தியிருந்தோம். பட்டு இழைகளில் எது மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்று ஆணையிட்ட துளையிட்ட அட்டைகள், எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் வேறொரு வேலைக்கு வந்து சேர்ந்தன. இம்முறை அவை சுமந்தது மனிதர்களை. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கணினி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்துத்தான் சொல்கின்றன. பழைய கையெண்ணிக்கை திணறியது, ஹெர்மன் ஹாலரித் என்ற இளைஞர் மின்சாரத்தால் எண்ணும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார், ஏழெட்டு ஆண்டு வேலை ஆறே வாரத்தில் முடிந்தது, அந்த இளைஞரின் நிறுவனம் பின்னாளில் ஐபிஎம் ஆனது. இந்தக் கதையில் பொய் அதிகமில்லை. ஆனால் வெளிச்சம் தவறான இடத்தில் விழுகிறது. அந்த இயந்திரம் எண்ணியது, அவ்வளவுதான். மூலத்தரவு தகவலாக மாறியது அதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான மேசைகளில், எழுத்தர்களின் கைகளில். ஒரு மனிதரைக் குடும்பத் தாளிலிருந்து பிரித்தெடுத்து, அவரைப் பற்றி எதையெல்லாம் கேட்கலாம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அவர் சொன்ன விடையை ஒரு துளையாகச் சுருக்கிய அந்த வேலைதான் இந்த அத்தியாயத்தின் பொருள். கணினி தரவைத் தகவலாக்குகிறது என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் கணினியின் பங்கு எது, மனிதரின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க 1890-ஐவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

முதலில் சிக்கல் எங்கே இருந்தது என்று பார்ப்போம். 1880 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் இருந்தவர்கள் 5 கோடியே 1 லட்சத்து 55 ஆயிரத்து 783 பேர். இந்தக் கூட்டுத்தொகையைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகவில்லை. தலைகளை எண்ணுவது எப்போதுமே எளிதுதான். அந்தக் கணக்கெடுப்பின் முழு முடிவுகளும் வெளிவரப் பத்தாண்டின் பெரும்பகுதியை விழுங்கியது தலையெண்ணிக்கை அல்ல, கேள்விகள். அயர்லாந்தில் பிறந்து, மணமாகி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எத்தனை பேர்? இப்படி ஒரு கேள்விக்கு விடை வேண்டுமென்றால் எழுத்தர்கள் எல்லாத் தாள்களையும் மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டும். வரி வரியாகப் படித்து, பொருந்துகிற ஒவ்வொருவருக்கும் இன்னொரு தாளில் ஒரு கோடு இழுத்து, கடைசியில் கோடுகளைக் கூட்ட வேண்டும். கேள்வியில் ஓர் அம்சம் கூடினால், அயர்லாந்துக்குப் பதில் ஜெர்மனி என்று மாறினால், மறுபடி முதலிலிருந்து. தாளில் மனிதர்கள் கணக்கெடுப்பாளர் தெருவில் நடந்துபோன வரிசையில் இருந்தார்கள், கேட்பவருக்கு வேண்டிய வரிசையோ வேறு. தொடுத்த மாலையில் சிவப்புப் பூவை மட்டும் தனியே எடுக்க முடியாது, உதிரிப் பூவாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். 1880-இல் அமெரிக்க அரசிடம் இருந்தது ஐந்து கோடிப் பூக்களைத் தொடுத்த மாலை.

ஹாலரித் 1860-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். கொலம்பியாவில் சுரங்கப் பொறியியல் படித்து 1879-இல் பட்டம் பெற்று, தன் பேராசிரியரோடு 1880 கணக்கெடுப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ். ராணுவ மருத்துவர், மருத்துவ நூல்களுக்கு மாபெரும் அட்டவணை தொகுத்தவர், பின்னாளில் நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநர். தகவலை அடுக்குவதிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர். இந்த அலுப்பூட்டும் வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் இருக்க வேண்டும் என்று அவர் ஹாலரித்திடம் சொன்னதாக ஹாலரித்தே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இயந்திரத்துக்கான பொறி அங்கே விழுந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹாலரித்தின் முதல் வடிவமைப்பில் அட்டையே கிடையாது. நீளமான காகிதச் சுருளில் வரிசையாகத் துளையிட்டு அதை இயந்திரத்தில் ஓட்டுவது என்பதே அவரது திட்டம். மின்சாரம் இருந்தது, துளை இருந்தது, எண்ணும் கருவியும் இருந்தது, ஆனாலும் அது பயன்படவில்லை. காரணம் எளிது: சுருளிலும் மனிதர்கள் மாலையாகவே இருந்தார்கள். ஒருவரைத் தேட முழுச் சுருளையும் ஓட்ட வேண்டும். சுருளைக் கைவிட்டு, ஆளுக்கு ஓர் அட்டை என்று அவர் மாறிய பிறகே அந்த இயந்திரம் உருப்பட்டது. ரயில் பயணத்தில் நடத்துநர் பயணச்சீட்டில் பயணியின் முடி நிறம், கண் நிறம் போன்ற அடையாளங்களைத் துளையாகப் போட்டதைப் பார்த்தது இதற்கு உதவியதென்று ஹாலரித் சொல்லியிருக்கிறார். ஆக, தொழில்நுட்ப வரலாறு கொண்டாட வேண்டிய திருப்பம் மின்சாரம் அல்ல. ஒரு மனிதரை மற்ற மனிதர்களிடமிருந்து கழற்றி, தனியே நகர்த்தக்கூடிய ஒரு பொருளாக்கியதே அந்தத் திருப்பம்.

அந்தக் கழற்றும் வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எழுத்தரின் மேசையில் ஒரு துளைப்பான். அதன் நீண்ட கைக்கு ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் துளையிடும் உளி. ஊசியின் அடியில் ஒரு பலகை, அதில் அட்டையில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஈடாக ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் அதன் பொருள் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் குடும்பத் தாள். எழுத்தர் தாளில் ஆண் என்று படிப்பார், பலகையில் அந்தக் குழியில் ஊசியை அழுத்துவார், அந்தப்புறம் அட்டையில் துளை விழும். வயது, பிறந்த நாடு, தந்தை பிறந்த நாடு, தாய் பிறந்த நாடு, மணமானவரா, என்ன தொழில், ஆங்கிலம் பேசுவாரா என ஒவ்வொன்றாக. அட்டையில் 12 வரிசைகளும் 24 நெடுவரிசைகளுமாக மொத்தம் 288 இடங்கள். ஊர், வட்டம் போன்ற பொது விவரங்கள் ஒரே பகுதியினர் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், பல அட்டைகளை ஒன்றாக அடுக்கி ஒரே அழுத்தில் துளைக்க வேறொரு கருவி இருந்தது. அட்டையின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும், கட்டில் ஓர் அட்டை திரும்பியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அட்டையில் பெயர் கிடையாது. மனிதரின் பெயர் குடும்பத் தாளோடு நின்றுவிட்டது, அட்டைக்குள் போனது அவரைப் பற்றிய விடைகள் மட்டுமே.

அடுத்த கட்டத்தில்தான் இயந்திரம் வருகிறது. அட்டையைத் தட்டில் வைத்து மேல்மூடியை இழுத்து அழுத்தினால் சுருள்கம்பியில் பொருத்திய ஊசிகள் கீழே இறங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்து அடியிலுள்ள சிறு கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும், மின்சுற்று மூடும், எதிரே சுவர்போல நிற்கும் 40 முகப்புகளில் உரியதில் முள் ஒரு படி நகரும். ஒவ்வொரு முகப்பும் 9,999 வரை எண்ணும். அட்டை சரியாகப் பதிவானால் மணி அடிக்கும். பக்கத்தில் 24 அறைகள் கொண்ட பெட்டி ஒன்று. அட்டையின் துளையைப் பொறுத்து உரிய அறையின் மூடி தானே திறக்கும், எழுத்தர் அட்டையை அதில் போட்டுக் கையாலேயே மூடியைச் சாத்துவார். களைத்துப்போன எழுத்தர்கள் கிண்ணத்துப் பாதரசத்தைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, இயந்திரம் பழுது என்று சொல்லி ஓய்வெடுத்ததாக ஒரு கதையும் உண்டு. அலுவலக மனிதர்கள் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்.

இப்போது என் வாதத்துக்கு ஆதாரம். 1889-இல் கணக்கெடுப்புத் துறை மூன்று முறைகளுக்கிடையே ஒரு போட்டி வைத்தது. செயின்ட் லூயிஸ் நகரின் நான்கு பகுதிகளைச் சேர்ந்த 10,491 பேரின் பழைய விவரங்கள் மூவருக்கும் தரப்பட்டன. வில்லியம் ஹன்ட் வண்ண மையால் குறியிட்ட காகிதச் சீட்டுகளைப் பயன்படுத்தினார், சார்லஸ் பிட்ஜின் வண்ணச் சில்லுகளை, ஹாலரித் துளையட்டையை. மூவருமே ஆளுக்கு ஒரு சீட்டு என்ற முறைக்கு வந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக அந்த எண்ணம் ஹாலரித்தின் தனிச்சொத்து அல்ல. விவரங்களைத் தாளிலிருந்து சீட்டுக்கு மாற்ற ஹன்ட்டுக்கு 144 மணி 25 நிமிடம், பிட்ஜினுக்கு 110 மணி 56 நிமிடம், ஹாலரித்துக்கு 72 மணி 27 நிமிடம் ஆனது. மாற்றியதை எண்ணி அட்டவணையாக்க முறையே 55 மணி 22 நிமிடம், 44 மணி 41 நிமிடம், 5 மணி 28 நிமிடம். வெற்றி யாருக்கு என்பதில் கேள்வியே இல்லை. ஆனால் ஹாலரித்தின் இரண்டு எண்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். மொத்தம் ஏறத்தாழ 78 மணி நேர வேலையில் இயந்திரம் எண்ணியது ஐந்தரை மணி நேரம். மீதி 93 விழுக்காடு மனிதர் தாளைப் படித்து, பொருளை முடிவுசெய்து, துளை போட்ட நேரம். மின்சார யுகத்தின் முதல் பெரும் தரவு வேலைக்கான சோதனையில் மின்சாரத்தின் பங்கு நூற்றில் ஏழு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த ஏழு விழுக்காடுதானே எல்லாவற்றையும் மாற்றியது? துளை போடுவது ஒருமுறை, எண்ணுவதோ எத்தனை முறை வேண்டுமானாலும். முன்பு ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் முழுத் தாள்களையும் புரட்ட வேண்டியிருந்தது, இப்போது அதே அட்டைகளை வேறு கம்பி இணைப்போடு மறுபடி ஓட்டினால் போதும். இணைப்புகளை மாற்றியமைத்தால் அமெரிக்காவில் பிறந்த வெள்ளையர், ஆண், இன்ன வயது என்ற நிபந்தனைகள் ஒருசேரப் பொருந்தும் அட்டையை மட்டும் எண்ண வைக்க முடிந்தது. பழைய முறையில் கேட்கவே துணியாத கேள்விகள் இப்போது கைக்கெட்டின. வேகம் ஓர் எல்லையைத் தாண்டும்போது அது வெறும் வேகமாக இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1880 கணக்கெடுப்பின் அறிக்கைகள் 21,458 பக்கங்கள், 1890-இன் அறிக்கைகள் 26,408 பக்கங்கள். இன்னொரு எண்ணும் இதே கதையைச் சொல்கிறது: செலவு சுமார் 58 லட்சம் டாலரிலிருந்து 1 கோடியே 15 லட்சம் டாலராக, அதாவது இருமடங்காக, ஏறியது. எண்ணும் வேலை மலிவானதும் அரசு பணத்தை மிச்சப்படுத்தவில்லை, அதிகமாகக் கேட்டது. ஆனால் இந்த மறுப்பு நிறுவுவது இயந்திரம் கேள்விகளைப் பெருக்கியது என்பதை. கேள்விகளை உருவாக்கியது இயந்திரம் என்பதை அல்ல. அட்டையில் இடம் ஒதுக்கப்படாத ஒன்றை எத்தனை கம்பிகளை மாற்றினாலும் கேட்க முடியாது.

இடையில் அந்த ஆறு வாரக் கதையையும் தீர்த்துவிடலாம். நாட்டின் மொத்த மக்கள்தொகை 1890-ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த முதல் எண்ணிக்கை துளையட்டையில் நடந்ததல்ல. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற எண்ணை மட்டும் தட்டச்சுப்பொறி போன்ற விசைப்பலகையில் அழுத்திக் கூட்டிய தனி ஏற்பாடு அது. அட்டைகளைத் துளைத்து, பிரித்து, வயது, தொழில், பிறப்பிடம் என்று குறுக்கும் நெடுக்கும் அட்டவணையாக்கியது அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் நடந்தது. தலையெண்ணிக்கைக்கு வாரங்கள் போதும், தகவலுக்குப் போதாது.

அந்த மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆண், பெண் என்ற இடத்தில் துளையே இல்லாத அட்டை வந்தால் மணி அடிக்காதபடி இணைப்புகளை அமைக்கலாம், எழுத்தர் அதைத் தனியே எடுத்துவைத்துத் தாளோடு ஒப்பிடுவார். இயந்திரமே தவறைக் கண்டுபிடிக்கிறதே, அதுவும் ஒருவகைத் தீர்ப்புதானே என்று கேட்கலாம். 1890-இலேயே இதற்கான விடை மினசோட்டா மாநிலத்தில் கிடைத்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களுக்குள் யார் பெரியவர் என்ற போட்டி. கணக்கெடுப்பில் இரு தரப்பும் ஆட்களைக் கூட்டிக் காட்டின. செயின்ட் பாலில் ரயில் நிலையமே நூற்றுக்கணக்கானோர் குடியிருக்கும் வீடாகப் பதிவாகியிருந்தது. வழக்கு, கைது என்று போய், இரு நகரங்களிலும் மறுகணக்கு எடுத்தபோது மினியாபொலிஸ் சுமார் 18,000 பேரையும் செயின்ட் பால் 9,000-க்கும் மேற்பட்டோரையும் இழந்தன. இல்லாத மனிதருக்கு வயது, பால், பிறப்பிடம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அவருடைய அட்டைக்கும் மணி அடித்தே தீரும். முழுமையை இயந்திரம் சோதிக்கும், முரண்பாட்டைச் சோதிக்கும், உண்மையைச் சோதிக்காது. அந்தப் பொய் இயந்திரத்தால் வெளிப்படவில்லை, வீடு வீடாக மறுபடி போனதால் வெளிப்பட்டது. இதே ஆண்டில் நியூயார்க் நகரம் எதிர்த்திசையில் சண்டைக்கு வந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் விடுபட்டுவிட்டார்கள் என்று காவலர்களை அனுப்பித் தானே ஒரு கணக்கெடுத்துக் காட்டியது.

உண்மையாகச் சொல்லப்பட்ட விடையும் துளையாகும்போது என்ன ஆகிறது என்பதற்கு நிறக் கேள்வி சாட்சி. 1890-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சட்டப்படி ஒருவர் வெள்ளையரா, கறுப்பரா என்று கேட்டதோடு நிற்கவில்லை. முக்கால் பங்கோ அதற்கு மேலோ கறுப்பு ரத்தமானால் கறுப்பர், எட்டில் மூன்றிலிருந்து ஐந்துவரை என்றால் முலாட்டோ, கால் பங்கு என்றால் குவாட்ரூன், எட்டில் ஒன்றோ அதற்கும் குறைவான சாயலோ என்றால் ஆக்டரூன் என்று பிரிக்கச் சொன்னார்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்து எட்டில் எத்தனை என்று முடிவுசெய்ய வேண்டும். அந்த ஊகம் தாளில் ஒரு சொல்லானது, அட்டையில் ஒரு துளையானது, முகப்பில் ஒரு எண்ணானது. ஒவ்வொரு படியிலும் சந்தேகம் கழன்று விழுந்து, உறுதி கூடிக்கொண்டே போனது. கடைசியில் அச்சில் வந்த எண் கடைசி இலக்கம்வரை துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பிரிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்று 1890 கணக்கெடுப்பின் அறிக்கையே எழுத வேண்டியதாயிற்று. 1900-இல் அந்தப் பிரிவுகள் கைவிடப்பட்டன. மனிதர்களை இப்படிப் பிரித்தது அரசியல், இயந்திரத்தின் மேல் ஏன் பழி போடுகிறாய் என்று கேட்டால், பழி போடவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டுகிறேன். தாளின் ஓரத்தில் உறுதியாகத் தெரியவில்லை என்று கிறுக்கி வைக்கலாம். அட்டையில் அதற்குத் துளை இருந்தால்தான் உண்டு.

மொத்த மக்கள்தொகை எவ்வளவு என்ற, சந்தேகத்துக்கே இடமில்லாததுபோல் தோன்றும் எண்ணிலும் இதே கதைதான். 1890-க்கு இரண்டு மொத்தங்கள் உண்டு. ஒன்று 6,26,22,250. இன்னொன்று 6,29,47,714. இரண்டுக்கும் இடையே உள்ள 3,25,464 பேர் எண்ணிக்கைப் பிழை அல்லர். அமெரிக்கத் தொல்குடிகளுக்கென ஒதுக்கிய நிலங்களிலும் இந்தியன் டெரிட்டரி என்ற பகுதியிலும் வாழ்ந்து, தனியே எண்ணப்பட்டவர்கள் அவர்கள். இவர்களைச் சேர்த்தால் ஒரு எண், விட்டால் ஒரு எண். எது சரி என்பதை எந்தப் பாதரசக் கிண்ணமும் சொல்லாது. இந்தக் கணக்கெடுப்பிலிருந்து பிறந்த மிகப் புகழ்பெற்ற தகவலும் ஒரு வரையறையில் நிற்பதுதான். சதுர மைலுக்கு இரண்டு பேருக்குக் குறைவாக வாழும் நிலம் குடியேறாத நிலம் என்று கணக்கெடுப்புத் துறை வைத்துக்கொண்டிருந்தது. அந்த அளவுகோலின்படி 1890-இல் மேற்கில் இனி எல்லைக்கோடு என்று ஒன்றை வரைய முடியாது என்று அறிவித்தார்கள். மூன்றாண்டு கழித்து சிகாகோவில் வரலாற்றாசிரியர் பிரெடெரிக் ஜாக்சன் டர்னர் அந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டு, அமெரிக்க வரலாற்றின் ஒரு யுகமே முடிந்தது என்று வாதிட்டார். ஒரு தலைமுறை வரலாற்றாசிரியர்கள் அதன் மேல் கட்டினார்கள். சதுர மைலுக்கு இரண்டு என்பதற்குப் பதில் நான்கு என்று வைத்திருந்தால் எல்லைக்கோடு இன்னும் சில காலம் வாழ்ந்திருக்கும். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த தொல்குடிகளுக்கு அது ஒருபோதும் வெற்று நிலமாக இருந்ததில்லை என்பது வேறு.

நம் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 1901-இல் இந்தியக் கணக்கெடுப்பில் எண்ண வேண்டியிருந்தது 29 கோடியே 40 லட்சம் பேரை, அமெரிக்கா பதினோராண்டுகளுக்கு முன் எண்ணியதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஹாலரித்தின் இயந்திரம் இங்கே வரவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு சீட்டு என்ற முறை அந்த ஆண்டு வந்தது. பவேரியாவில் முன்பே பழகிய முறை அது. கணக்கெடுப்புப் புத்தகத்திலிருந்து ஒவ்வொருவரையும் ஒரு சிறு காகிதச் சீட்டில் பெயர்த்து எழுதி, ஆட்கள் கையாலேயே வகை வகையாகப் பிரித்து எண்ணினார்கள். மின்சாரம் இல்லை, பாதரசம் இல்லை, மணி இல்லை, அட்டவணைகள் மட்டும் வந்துசேர்ந்தன. மலிவான மனித உழைப்பு அந்த ஐந்தரை மணி நேரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அந்தச் சீட்டுகள் மதத்துக்கு ஒரு நிறமாக இருந்தன. பிரிப்பவர் ஒரு எழுத்தைக்கூடப் படிப்பதற்கு முன் கையிலிருக்கும் காகிதத்தின் நிறமே மனிதரை முதலில் மதத்தால் பிரித்துக் காட்டியது. எந்தத் தகவல் முயற்சியில்லாமல் கிடைக்கும், எது மெனக்கெட்டால்தான் கிடைக்கும் என்பதைக் காகிதம் வாங்கும்போதே தீர்மானித்துவிட்டார்கள். அமெரிக்காவில் அட்டையின் அமைப்பு செய்ததை இந்தியாவில் காகிதத்தின் நிறம் செய்தது.

இதெல்லாம் பழங்கதை, இன்றைய கணினிக்குப் பொருந்தாது என்பது கடைசி மறுப்பு. 1951 மார்ச் 31 அன்று அதே கணக்கெடுப்புத் துறை யூனிவாக் என்ற மின்னணுக் கணினியை ஏற்றுக்கொண்டது. நிரலைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் இயந்திரம் அது, கம்பியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கணக்கெடுப்புத் தரவு அதற்குள் போன வழி அட்டைதான்: மனிதர் துளைத்த அட்டையிலிருந்து காந்த நாடாவுக்கு, நாடாவிலிருந்து கணினிக்கு. இருக்கட்டும், இன்று இயந்திரம் தானே கற்கிறதே, வகைகளை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே என்றால், அந்தக் கல்வி எதன் மேல் நடந்தது என்று பார்க்க வேண்டும். படங்களை அடையாளம் காண இயந்திரங்களைப் பழக்கிய இமேஜ்நெட் என்ற தொகுப்பு 2009-இல் வெளியாகி, பின்னர் 1 கோடியே 40 லட்சம் படங்களாக வளர்ந்தது. இது இன்ன வகை என்று சரிபார்த்தவர்கள் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் துண்டு வேலைக்குக் கூலி வாங்கிய உலகெங்கிலுமுள்ள ஆட்கள். துளைப்பானின் முன் அமர்ந்த எழுத்தரின் வேலையேதான், மேசை மட்டும் வீட்டுக்குப் போய்விட்டது. அதில் மனிதர்களை வகைப்படுத்திய பிரிவுகள் சில இழிவானவை, சில படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாதவை என்ற விமர்சனம் எழுந்து, 2019-இல் ஏறத்தாழ 6 லட்சம் படங்களை நீக்குவதாக அறிவித்தார்கள். முகத்தைப் பார்த்து எட்டில் எத்தனை என்று சொல்லச் சொன்ன சட்டத்துக்கும் இதற்கும் இடையே 130 ஆண்டுகள். பெயரிடாத தரவிலேயே தானாக ஒற்றுமை தேடும் முறைகளும் உண்டு. ஆனால் எதை அளந்து உள்ளே அனுப்பினோம், எதை அருகு என்றும் எதைத் தொலைவு என்றும் வைத்துக்கொண்டோம் என்பது அங்கும் முன்கூட்டியே எடுத்த முடிவு. மனித முடிவுகள் மறையவில்லை, உள்ளே தள்ளிப்போய்விட்டன. தேடிக் கண்டுபிடிப்பது 1890-ஐவிடக் கடினம், அவ்வளவே.

ஹாலரித்தின் நிறுவனம் 1911-இல் வேறு நிறுவனங்களோடு இணைந்தது, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தக் கதை அடுத்த வாரம். 1890-இன் தாள்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி இந்த அத்தியாயத்தை முடிக்கலாம். 26,408 பக்க அறிக்கைகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன, யாரும் எடுத்துப் படிக்கலாம். அந்த அட்டவணைகள் எதிலிருந்து வந்தனவோ அந்தக் குடும்பத் தாள்கள் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்தன. 1921 ஜனவரி 10 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒரு பங்கு எரிந்தது, இன்னொரு பங்கு அணைக்க ஊற்றிய நீரில் ஊறியது.  1933 பிப்ரவரி 21 அன்று எஞ்சியவற்றை அழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. நாட்டின் ஆவணங்களைக் காக்கவென்றே கட்டப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அதற்கு முந்தைய நாள்தான் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். 1890-இல் கேட்க மறந்த ஒரு கேள்வியை இன்று எவ்வளவு வேகமான கணினியைக் கொண்டும் அந்த மக்களிடம் கேட்க முடியாது. ஆறு கோடிக்கும் மேற்பட்டோரில் குடும்பத் தாளில் பெயரோடு இன்று எஞ்சியிருப்பவர்கள் ஏறத்தாழ 6,160 பேர்.

(தொடரும்)